முந்தானையில் முடிந்த வெல்லம்

துவைக்கப் போட்டிருந்த அம்மாவின் புடவையில் முந்தானை முடிச்சு அவிழாமல் கிடந்தது. காசு முடிந்து வைத்து மறந்திருப்பாள் என்று அவிழ்த்தேன். உள்ளே இரண்டு அச்சு வெல்லம். வியர்வையில் கசிந்து துணியோடு ஒட்டியிருந்தது.

அம்மாவுக்கு அப்போது அறுபத்தேழு வயது. சர்க்கரை நோய் என்று தெரிந்து ஏழு வருஷம். அவளுடைய சாப்பாடு, மாத்திரை, பரிசோதனை எல்லாம் என் பொறுப்பில் இருந்தன. வெல்லத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே அடுப்படிக்குப் போனேன். என் மனைவியும் பத்து வயது மகளும் அங்கே இருந்தார்கள். அவர்கள் எதிரிலேயே கேட்டேன்: "என்னம்மா இது? இந்த வயசுல திருட்டுத் தீனியா?"

அம்மா ஒன்றும் பேசவில்லை. தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "இனிமே வச்சுக்கலப்பா" என்றாள். நான் வெல்லத்தைக் குப்பையில் போட்டேன். அவள் அதை எதற்காக வைத்திருந்தாள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் மூன்று வாரம் கழித்து நடந்தது நடந்திருக்காது.

கும்பகோணத்தை ஒட்டிய ஒரு கிராமம் எங்களுடையது. 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது வேலைக்குச் சேர்ந்தவள் அம்மா. ஓய்வு பெறும்வரை அமைப்பாளர். தினமும் எத்தனை பிள்ளைகள், எத்தனை கிலோ அரிசி, எவ்வளவு பருப்பு என்று பதிவேட்டில் உருண்டை உருண்டையாக எழுதுவாள். ஊரில் பாதிப் பேர் அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அப்படிப்பட்டவளுக்கு நான் கரண்டிக் கணக்கில் சோறு அளந்தேன்.

அப்பா இறந்த வருஷம் அம்மா இளைத்துப் போனாள். ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆயிற்று. துக்கம்தான் காரணம் என்று ஊரே சொன்னது, நாங்களும் நம்பினோம். ராத்திரி மூன்று நான்கு தடவை எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். தூக்கம் வராமல் எழுந்து போகிறாள் என்று நினைத்தோம். எழுந்து போகவேண்டியிருப்பதால்தான் தூக்கமில்லை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தலைமாட்டில் வைத்த சொம்புத் தண்ணீர் போதாமல் குடத்தையே பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டாள். அதையும் பங்குனி வெயில் என்று சொல்லிக்கொண்டோம். இன்னொன்றும் அவளுக்கு இருந்திருக்கிறது. பெண்கள் வெளியே சொல்லக் கூசும் அந்தரங்க அரிப்பு. மருமகளிடம்கூடச் சொல்லாமல் மஞ்சள் தண்ணீரில் கழுவிக்கொண்டு நாட்களைக் கடத்தியிருக்கிறாள். இதை அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். தாகம், அடிக்கடி சிறுநீர், இளைப்பு என்பதெல்லாம் இன்று எல்லோருக்கும் தெரியும். சிலருக்கு இந்த அரிப்புதான் முதலில் வரும். அதை வீட்டில் யாரும் கேட்பதுமில்லை, அவர்கள் சொல்வதுமில்லை.

கடைசியில் ஊருக்கு வந்த ஒரு கண் முகாமில்தான் தெரிந்தது. பார்வை மங்குகிறது, புரை விழுந்திருக்கும் என்று அழைத்துப் போனேன். விரல் நுனியில் குத்திப் பார்த்துவிட்டு, "318 இருக்கு, முதல்ல சர்க்கரைக்குப் பாருங்க" என்று அனுப்பினார்கள். புரை லேசாகத்தான் இருந்தது. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் கண்ணின் லென்ஸ் நீர் கோத்து உப்பிப் பார்வை மாறும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். சர்க்கரை இறங்கிய ஒரு மாதத்தில் அம்மா பஞ்சாங்கத்தில் திதி பார்க்கிற அளவுக்குத் தெளிந்தாள்.

மறுநாள் வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் 211. மூன்று மாத சராசரி என்று எல்லோரும் சொல்கிற எச்பிஏ1சி 10.4. வெறும் வயிற்றில் 126, எழுபத்தைந்து கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 200, எச்பிஏ1சி 6.5 என்பவை வரம்புகள். அறிகுறி ஏதும் இல்லாதவர் இதில் ஒன்றைத் தாண்டியிருந்தால் இன்னொரு தடவை பார்த்து உறுதி செய்வார்கள். அம்மாவுக்கு அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை.

எனக்குப் பயம் வந்தது. அந்தப் பயத்துக்கு ஒரு முகம் இருந்தது. என் பெரியப்பா. நான் ஏழாம் வகுப்பு படித்தபோது, செருப்புக் கடித்த புண் ஆறாமல் அழுகி, முழங்காலுக்குக் கீழே அவருக்கு எடுத்துவிட்டார்கள். திண்ணையில் உட்கார்ந்து, இல்லாத காலைச் சொறியக் கை நீட்டுவார். அம்மாவுக்கு அந்த நிலை வரக்கூடாது என்று அன்றைக்கே தீர்மானித்துக்கொண்டேன்.

கூட்டுறவு வங்கியில் கணக்கு எழுதுகிறவன் நான். ஒரு நீள நோட்டு வாங்கி, கோடு போட்டு, தேதி, வெறும் வயிறு, சாப்பிட்ட பின், எடை என்று பிரித்தேன். குளுக்கோமீட்டர் வாங்கினேன். சோறு இரண்டு கரண்டி, காய் மூன்று கரண்டி. காபியில் சீனி இல்லை. உருளை, சேனை, மாம்பழம் இல்லை. முதல் மூன்று வருஷம் இதில் தவறொன்றும் இல்லை. 10.4 என்பது 7.2 ஆயிற்று. அம்மாவின் உடம்பு தேறியது, ராத்திரி தூங்கினாள், காலில் எரிச்சல் குறைந்தது. அவளுமே சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

அதற்குப் பிறகுதான் நான் தடம் மாறினேன். 7.2 எனக்குப் போதவில்லை. 6.8 வந்ததும் 6.5 வேண்டும் என்று தோன்றியது. இரண்டு கரண்டிச் சோறு ஒன்றானது. ராத்திரி இரண்டு சப்பாத்தி, அதுவும் எண்ணெய் தொடாமல். வங்கியில் யாராவது வீட்டுச் சர்க்கரை பற்றிப் பேச்செடுத்தால் அம்மாவின் எண்ணைச் சொல்வேன். அவர்கள் வியந்தால் மனசு நிறையும். அம்மா என் கண் முன்னே சிறுத்துக்கொண்டிருந்தாள். நான் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு இரண்டு மாத்திரைகள். காலையும் இரவும் மெட்பார்மின். காலையில் மட்டும் கிளிமிபிரைடு ஒரு மில்லிகிராம். ஒரு பொங்கல் சமயம். சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்ட மறுநாள் 190 காட்டியது. நானே மருந்துக் கடைக்குப் போய் இன்னொரு அட்டை வாங்கி வந்து, ராத்திரியும் ஒரு கிளிமிபிரைடு கொடுக்க ஆரம்பித்தேன். டாக்டரிடம் கேட்கவில்லை. பெயர் தெரிந்த மாத்திரைதானே, ஒன்று கூடினால் என்ன என்ற துணிச்சல்.

இரண்டு மாதத்தில் எச்பிஏ1சி 5.6. வெறும் வயிற்றில் 78, 82, 74. சிவப்பு மசியால் வட்டம் போட்டேன்.

டாக்டர் அந்தத் தாளைப் பார்த்து முகம் சுளித்தார். "இவங்க வயசுக்கு ஏழு, ஏழரையே போதும் தம்பி. ரொம்ப இறங்கியிருக்கே" என்றவர் அம்மா பக்கம் திரும்பி, "ராத்திரி வேர்க்குதா? படபடப்பு, கைநடுக்கம் ஏதாவது?" என்று கேட்டார். அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன்: "அதெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர்." கூடுதல் மாத்திரையைப் பற்றியும் சொல்லவில்லை. எண் நன்றாக வந்திருக்கும்போது அதைச் சொல்லித் திட்டு வாங்குவானேன் என்று நினைத்தேன். கிரியேட்டினின் பார்த்துவிட்டு இரண்டு மாதத்தில் வரச் சொன்னார். அப்போதும் இப்படியே இருந்தால் கிளிமிபிரைடை நிறுத்திவிடலாம் என்றார். நான் போகவில்லை.

இந்த இரண்டு மாத்திரையும் ஒரே வேலையைச் செய்கின்றன என்று நினைத்திருந்தேன். மெட்பார்மின் முக்கியமாகக் கல்லீரல் ரத்தத்துக்குள் விடும் சர்க்கரையைக் குறைக்கிறது. அதை மட்டும் சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்வது அபூர்வம். கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிறது. வயிற்றில் சோறு இருக்கிறதா என்று பார்த்து அது வேலை செய்வதில்லை. சாப்பிட்டாலும் சுரக்கும், பட்டினி கிடந்தாலும் சுரக்கும். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அதன் வேகம் உடம்பை விட்டுச் சீக்கிரம் இறங்காது. அதனால்தான் டாக்டர் கிரியேட்டினின் கேட்டார்.

ஆடிக் கிருத்திகை வந்தது. அம்மா வருஷம் தவறாமல் விரதம் இருந்து சுவாமிமலை போகிறவள். முதல் நாள் ராத்திரியே சாப்பிடவில்லை. "விரதம்னா இருந்துக்கம்மா, ஒரு நாள் சோறு இல்லன்னா சுகருக்கு நல்லதுதான். மாத்திரைய மட்டும் விட்டுடாத" என்றேன். ராத்திரி மாத்திரையும் காலை மாத்திரையும் நானே தண்ணீரோடு கையில் கொடுத்தேன்.

சுவாமிமலையில் தமிழ் வருஷங்கள் அறுபதுக்கும் ஒரு படி என்று அறுபது படிகள். அன்றைக்குக் கூட்டம். வரிசை கீழேயே நின்றுகொண்டிருந்தது. பத்தரை மணி இருக்கும். அம்மா முன்னால் நின்ற பெண்ணிடம் காரணமில்லாமல் சண்டைக்குப் போனாள். ஊரில் யாரிடமும் குரல் உயர்த்தாதவள். எனக்கு அவமானமாக இருந்தது. "ஏம்மா இப்படி பண்ற, கோயில்ல வந்து?" என்று அதட்டினேன். என்னைத் திரும்பிப் பார்த்து அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பேச்சு குழறியது. ரவிக்கை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. அப்படியே முதல் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

பக்கவாதம் என்றுதான் நினைத்தேன். என் மனைவி விசிறினாள். யாரோ முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். பூ விற்கிற ஒரு அம்மா கூடையை விட்டுவிட்டு ஓடிவந்து, அம்மாவின் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சுகர் மாத்திர போடுறாங்களா? சாப்ட்டாங்களா?" இல்லை என்றேன். பக்கத்து டீக்கடையிலிருந்து சீனியைத் தண்ணீரில் கலக்கி வாங்கி வந்து அவரே ஊட்டினார். இரண்டு வாய் உள்ளே போயிற்று. அதற்குள் அம்மாவின் தலை சாய்ந்துவிட்டது. பதற்றத்தில் நான் டம்ளரை வாங்கி மீதியை ஊற்றப் போனேன். அவர் என் கையைப் பிடித்துத் தடுத்தார். "இனிமே ஊத்தாதீங்க தம்பி. முழிப்பு இல்ல. பொற ஏறி மூச்சு முட்டிடும். நூத்தியெட்டுக்குப் போன் போடுங்க."

ஆம்புலன்சில் வந்த பையன் முதலில் செய்தது விரலில் குத்திப் பார்த்ததுதான். 38.

அந்த எண்ணை என் நோட்டில் நான் எழுதவே இல்லை. எழுதாமலே நினைவிருக்கிறது.

ஊசி வழியாக இருபத்தைந்து சதவீத குளுக்கோஸ் ஏறியது. கொஞ்ச நேரத்தில் அம்மா கண் திறந்து, "படி ஏறியாச்சா?" என்றாள். அடுத்து, "பசிக்குதுப்பா." அவ்வளவு சீக்கிரம் மீண்டதைப் பார்த்து, அன்று மாலையே வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன். மருத்துவமனையில் டாக்டர் விடவில்லை, சர்க்கரை மறுபடி இறங்கும் என்றார். அவர் சொன்னபடியே சாயங்காலம் மறுபடி 56-க்கு இறங்கியது. உள்ளே இருந்த மாத்திரை இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது. இரண்டு ராத்திரி சொட்டு மருந்தோடு வைத்திருந்தார்கள். கிரியேட்டினின் 1.5 என்று வந்தது. கேட்கச் சின்ன எண். அம்மாவின் வயதுக்கும் உடம்புக்கும் அது சிறுநீரகத்தின் பாதிக்கு மேல் வலு போய்விட்டதைச் சொன்னது.

மறுநாள் காலைச் சுற்றில் டாக்டர் பழைய கேள்வியையே கேட்டார். இந்தத் தடவை என்னைக் கையமர்த்திவிட்டு, அம்மாவைப் பார்த்து மட்டும் கேட்டார். அம்மா சொன்னாள்:

"அஞ்சாறு மாசமா இருக்கு டாக்டர். விடியக்காலம் வேர்த்துத் தலகாணி நனஞ்சிடும். கெட்ட கெட்ட கனவா வரும். நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும், கை நடுங்கும். ஒரு துண்டு வெல்லம் வாயில போட்டுக்கிட்டா அடங்கிடும். அதான் தலப்புல முடிஞ்சு வச்சுப்பேன்."

கட்டிலின் மறுபக்கம் நான் நின்றிருந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. குற்றம் சொல்லும் குரலும் இல்லை. பதிவேட்டில் எழுதியதைப் படிப்பது போலச் சொன்னாள். "அப்புறம் ஏன்மா வெல்லம் வச்சுக்கல?" என்று டாக்டர் கேட்டார். "வேணாம்னு விட்டுட்டேன்" என்றாள். அங்கேயும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன், ராத்திரி மாத்திரையையும் சேர்த்து. டாக்டர் நெடுநேரம் பேசாமல் இருந்தார்.

உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்குதான் மூளை. உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கு வேண்டும். அந்தச் சக்தியைப் பெரும்பாலும் ரத்தத்தில் ஓடும் குளுக்கோசிலிருந்துதான் அது எடுத்துக்கொள்கிறது, சேமித்து வைத்துக்கொள்ள அதனிடம் இடமில்லை. சர்க்கரை 70-க்குக் கீழே போகும்போது உடம்பு அட்ரினலினைச் சுரந்து கூப்பாடு போடுகிறது. வியர்வை, படபடப்பு, நடுக்கம், அகோரப் பசி எல்லாம் அந்தக் கூப்பாடு. 54-க்கும் கீழே போனால் மூளையே தடுமாறுகிறது. பேச்சு குழறும், ஆள் தெரியாது, இல்லாத கோபம் வரும். அடிக்கடி இப்படித் தாழ்ந்துகொண்டிருந்தால் உடம்பு கூப்பிடுவதையும் குறைத்துக்கொள்ளும். வயதானவர்கள் சிலருக்கு வியர்வையும் படபடப்பும் இல்லாமல் நேரடியாக மயக்கம் வருவதற்கு அதுவும் ஒரு காரணம். எச்பிஏ1சி சராசரி என்பதால், மேலே ஏறியதும் கீழே விழுந்ததும் சேர்ந்து அழகான ஒரு எண்ணாக வந்துவிடும். என் 5.6-க்குள் எத்தனை விடியற்காலைகள் இருந்தன என்று எனக்குத் தெரியாது.

அம்மா வீடு திரும்பிய பிறகு இந்த நோயின் கதையைத் தேடித் தேடிப் படித்தேன். இன்சுலின் வருவதற்கு முன் அமெரிக்காவில் பிரெடெரிக் ஆலன் என்ற மருத்துவர் பட்டினி வைத்தியம் செய்தார். சர்க்கரை நோய் வந்த குழந்தைகளை, உயிர் தரிக்கும் அளவுக்கு மட்டும் உணவு கொடுத்து, நாட்களை நீட்டிக்கும் முறை. எலிசபெத் ஹியூஸ் என்ற சிறுமிக்கு 1919-இல் பதினோரு வயதில் நோய் கண்டது. மூன்று வருஷம் இந்தப் பட்டினியில் கிடந்தாள். 1922 ஆகஸ்டில், பதினைந்தாவது பிறந்தநாளை ஒட்டி, டொரான்டோவில் இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பாண்டிங்கிடம் அழைத்துப் போனபோது அவள் எடை சுமார் இருபது கிலோ. இன்சுலின் போட்ட பிறகு ரொட்டி தின்றாள், எடை கூடினாள், மணம் செய்துகொண்டு பிள்ளைகள் பெற்றாள், 1981 வரை வாழ்ந்தாள். அவளைப் பட்டினி போட்ட பெற்றோருக்கும் மருத்துவருக்கும் வேறு வழி இருக்கவில்லை. அதைப் படித்தபோது நோட்டில் நான் எழுதிவைத்த அம்மாவின் எடைக் கட்டம் ஞாபகம் வந்தது. 52, 49, 46, 44. எனக்கு எல்லா வழியும் இருந்தது.

இன்னொன்றும் படித்தேன். அமெரிக்காவிலும் கனடாவிலும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட சர்க்கரை நோயாளிகளை வைத்து நடத்திய 'அக்கார்ட்' என்ற ஆய்வு. சராசரி வயது அறுபத்திரண்டு, இதய நோய் உள்ளவர்கள் அல்லது வரும் அபாயம் கூடியவர்கள். பாதிப் பேருக்கு எச்பிஏ1சியை ஆறுக்குக் கீழே கொண்டுவர மருந்தைக் கூட்டினார்கள். மீதிப் பேருக்கு ஏழு முதல் 7.9 வரை போதும் என்று விட்டார்கள். இறுக்கிப் பிடித்த பக்கத்தில் 257 பேரும் மறுபக்கத்தில் 203 பேரும் இறந்திருந்தார்கள். 2008 பிப்ரவரியில் அந்த இறுக்கமான வைத்தியத்தைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். எண் குறையக் குறைய நல்லது என்று நான் நம்பியதற்குப் பல வருஷம் முன்பே இந்த விடை உலகத்துக்குத் தெரிந்திருந்தது.

இதனால் சர்க்கரையை ஏற விடலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. என் பெரியப்பாவின் காலைக் கொண்டுபோனது ஏறிய சர்க்கரைதான். இளம் வயதில் நோய் வந்தவர்கள் நன்றாக இறக்கி வைத்திருந்தால் கண்ணையும் சிறுநீரகத்தையும் காப்பாற்றிக்கொள்ளலாம். நானாக மாத்திரையைக் கூட்டியது எவ்வளவு தவறோ, இதைப் படித்துவிட்டு ஒருவர் தானாகக் குறைப்பதும் அவ்வளவு தவறு. அம்மாவின் வயதுக்கும் சிறுநீரகத்துக்கும் எது போதும் என்று டாக்டர் சொன்னார், நான் காதில் வாங்கவில்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

இப்போது கிளிமிபிரைடு இல்லை. மெட்பார்மின் பாதியாகிவிட்டது. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும் கொடுக்கக்கூடிய, தனியாகக் கொடுத்தால் சர்க்கரையை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்திவிடாத லினாகிளிப்டின் சேர்ந்திருக்கிறது. அம்மாவின் எச்பிஏ1சி 7.4. வீட்டில் எல்லோருக்கும், மகள் உட்பட, ஒன்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பாட்டிக்கு வேர்த்தாலோ, கை நடுங்கினாலோ, வழக்கமில்லாமல் எரிந்து விழுந்தாலோ முதலில் மீட்டரில் பார்க்க வேண்டும். 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிட்டு, பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. ஏறியதும் இட்லியோ சோறோ சாப்பிட வைக்க வேண்டும். மீட்டர் கைக்கு எட்டவில்லை என்றால் அதைத் தேடிக்கொண்டு நிற்காமல் சீனியைக் கொடுத்துவிட வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. பூக்கார அம்மா எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது அது.

அடுத்த கிருத்திகைக்கு அவரைத் தேடிப் போனோம். அவருக்கும் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரையாம், ஒரு தடவை இதே மாதிரி கூடைக்கு மேலேயே சாய்ந்திருக்கிறார். அம்மா அவரிடம் இரண்டு முழம் கூடுதலாகப் பூ வாங்கினாள். டாக்டரிடம் கேட்டு, காலையில் மூன்று இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள். முருகனிடம் அதைச் சொல்லிவிட்டதாகவும் சொன்னாள்.

வெல்லத்தைப் பற்றி அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. கார்த்திகைத் தீபத்தன்று பொரி உருண்டைக்குப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். கரண்டியிலிருந்து ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, உருட்டிப் பதம் பார்த்தபடி, "உனக்கு உங்க பெரியப்பா கால்தான் கண்ணுல நிக்குது. எனக்குத் தெரியாதா?" என்றாள். பிறகு, "ஆனா புள்ளைங்க எதிர்க்க சொன்னியே, அதுதாம்ப்பா" என்று நிறுத்திக்கொண்டாள். அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. நானும் முடிக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

நோட்டு இன்னும் இருக்கிறது. எழுதுகிறவள் அம்மா. எண்கள் இருக்கும் கட்டத்துக்குப் பக்கத்தில் அகலமாக ஒரு கட்டம் போட்டுக் கொடுத்தேன், அவளுக்கு எப்படி இருக்கிறது என்று எழுத. சத்துணவுப் பதிவேட்டில் எழுதிய அதே உருண்டைக் கையெழுத்து. நேற்றைய பக்கத்தில் 131 என்பதற்கு எதிரே எழுதியிருக்கிறாள்: 'நல்லாத் தூங்கினேன். வேர்க்கல. காலையில இட்லி மூணு. இன்னும் ஒண்ணு கேட்டேன், கொடுத்தான்.'